அரிதாளில் ஒரு சாவிக்கொத்து

லாக்மேடித் துறையில் கப்பல் முன்வாயைத் திறந்து கார்களை ஒவ்வொன்றாக வெளியே விடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அங்கே முதலில் உறைப்பது, சுற்றிலும் மரமே இல்லை என்பது. ஸ்கை தீவின் ஊயிக் துறையிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரக் கடல் பயணம். இறங்கினால் வட யூயிஸ்ட். ஸ்காட்லாந்தின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடல் நேராக வந்து மோதும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்று. எங்கு பார்த்தாலும் குளம், பாறை, கரிச்சேறு. காற்று ஆளைத் தள்ளுகிறது. மரம் நிற்காத காற்றில் மனிதன் மட்டும் நின்று என்ன செய்வது என்று பயணி தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

கப்பலில் உடன் வந்தவர்கள் பலரிடமும் பைனாகுலர் இருந்தது. வெண்வால் கழுகு பார்க்க வந்தவர்கள் சிலர், திமிங்கிலம் தேடியவர்கள் சிலர். ஒருவர் நம் பயணியிடம், எதைப் பார்க்க இவ்வளவு தூரம் என்று கேட்டார். பழுப்பு நிறத்தில் கோடு கோடாக ஒரு வயல் குருவி என்று பதில் வந்ததும் அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பயணி தேடி வந்த கார்ன் பன்டிங் பறவைக்குப் பெருமை சொல்ல நிறம் கிடையாது. கொண்டை இல்லை, நீண்ட வால் இல்லை, ஆணுக்கென்று தனி அலங்காரமும் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே சாயலில் இருக்கும். ஆண் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். பதினெட்டு சென்டிமீட்டர் நீளம், ஐம்பது கிராமை ஒட்டிய எடை. நம் வீட்டுச் சிட்டுக்குருவியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஸ்காட்லாந்துக் கிராமங்களில் இதற்கு 'பார்லி வயல் குண்டுப் பறவை' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் உண்டு. தீவுகளில் பேசும் கேலிக் மொழிப் பெயரோ இன்னும் ஒரு படி இறங்கி, சாணத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மாட்டுத்தொழுவத்தையும் சாணக் குவியலையும் சுற்றித் தானியம் பொறுக்கிய பறவைக்குப் பொருத்தமான பெயர்தான்.

கார்ன் என்றதும் நமக்கு மக்காச்சோளம் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல் கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துத் தானியப் பயிர் என்றே பொருள்படும். ஆக, தானியக் குருவி. அறிவியல் பெயர் எம்பெரிசா கலாண்ட்ரா. கலாண்ட்ரா என்பது வானம்பாடிக்கான பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெகுநாள் இதை மிலியாரியா என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள்; அது சிறுதானியத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்த பெயர். எந்த மொழியில் கூப்பிட்டாலும் தவசமோ தொழுவமோ கூடவே வருகிறது. இதன் உறவினரான கருந்தலை பன்டிங் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் வந்து சோளக் கதிர்களில் இறங்கும். அதற்காவது மஞ்சள் மார்பும் கறுப்புத் தலையும் உண்டு.

மறுநாள் காலை பயணி தீவின் மேற்குக் கரைக்குப் போகிறார். பால்ரனால்டு என்னும் இடத்தில் பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1966 முதல் ஒரு காப்பிடம் நடத்துகிறது. காப்பிடம் என்றதும் வேலியும் காவலும் நினைவுக்கு வரலாம். இங்கே நடுவில் ஊர் இருக்கிறது, உழுத நிலம் இருக்கிறது, மாடு மேய்கிறது, கல்லறை இருக்கிறது. நடைபாதை வயல்களுக்கு நடுவே மணலில் ஓடுகிறது. ஆள்காட்டிகள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகின்றன. பவளக்காலி ஒன்று வேலிக்கம்பத்தில் நின்று ஊரையே எழுப்புகிறது. சிப்பி பிடிப்பான்கள் தனியாகக் கச்சேரி நடத்துகின்றன. இந்த இரைச்சலில் ஒரு குருவியின் குரலை எப்படிப் பிரித்தறிவது?

அது தானே பிரிந்து வந்தது. முதலில் டிக், டிக், டிக் என்று தயங்கித் தயங்கி மூன்று தட்டல். பிறகு வேகம் பிடித்து, எல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சிலிர்த்து முடிகிற ஒரு கலகலப்பு. மொத்தம் இரண்டு வினாடிதான் இருக்கும். பறவைக் கையேடுகள் எல்லாம் இதைச் சாவிக்கொத்தைக் குலுக்கும் ஓசை என்றே எழுதுகின்றன. தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு பாட்டி உள்ளுக்கும் வாசலுக்கும் நடக்கும் சத்தம் அப்படியே.

பாடகர் இருபது அடி தூரத்தில், கம்பிவேலியின் மூலைக் கம்பத்தில் இருந்தார். பைனாகுலருக்குள் வந்ததும் அந்தச் சாதாரணப் பழுப்பு சாதாரணமாக இல்லை. முதுகு காய்ந்த வைக்கோலின் நிறம். ஒவ்வொரு இறகின் நடுவிலும் மசிக்கோடு இழுத்தாற்போலக் கரும்பழுப்பு. தொண்டையின் இருபுறமும் இறங்கும் கோடுகள் மார்பில் வந்து கூடி ஒரு கறையாகத் திரள்கின்றன, சட்டைப்பையில் பேனா ஒழுகியது போல. அலகு தடித்து, மஞ்சளாக, மேல்பாதி கீழ்ப்பாதியைவிடச் சிறிதாக இருக்கிறது. மேலண்ணத்தில் உள்ளுக்குள் ஒரு கெட்டியான முண்டு உண்டு. தானியத்தை அதில் வைத்து நெரித்து உமியைக் கழற்றுகிறது. பாடும்போது தலையைப் பின்னால் சாய்த்து வாயை முழுக்கத் திறக்கிறது. அந்த நேரம் உடம்பு முழுவதும் நடுங்குகிறது.

பிறகு அது பறந்தது. அதைப் பார்த்துப் பயணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால்களை மடக்காமல் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, இறக்கையை மட்டும் படபடத்து, நாற்பது அடி தள்ளி ஒரு முட்செடியின் தலையில் போய் உட்கார்ந்தது. சக்கரத்தை உள்ளிழுக்க மறந்த விமானம் போல. பாட்டுக் காலத்தில் ஆண் குறுந்தூரம் பறக்கும்போது இப்படித்தான் காலைத் தொங்கப் போடும். பத்து எட்டு நடந்தால் மீண்டும் சாவிக்கொத்து. மத்தியான வெயிலிலும் நிறுத்தவில்லை. மற்றப் பறவைகள் ஓய்ந்த பிறகும் இது கம்பத்தை விடவில்லை.

கம்பத்துக்குக் கீழே இருந்த பயிரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குருவியைப் பற்றிச் சொல்ல முடியாது.

அந்த மண்ணுக்கு மாக்கர் என்று பெயர். தமிழ்க் காதில் மக்கர் என்று விழும். கடல் தன் அடியிலிருந்த சிப்பி ஓடுகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரைத்து மாவாக்கிக் கரையில் தள்ள, காற்று அதை உள்ளே தூவித் தூவி உண்டாக்கிய சுண்ணாம்பு மணல் சமவெளி. உலகத்திலேயே ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளின் மேற்குக் கரைகளில்தான் இது உண்டு. தீவின் கிழக்குப் பாதி கரிச்சேறும் மலையும், நடுவில் ஏரிகள், மேற்கு ஓரத்தில் இந்த வெள்ளை மணல் பட்டை. மக்களும் பயிரும் பூவும் பறவையும் இந்தப் பட்டையில்தான். ஜூலையில் நிலம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும்.

பார்க்கத்தான் வளம். உழுகிறவரைக் கேட்டால் இந்த மண் உண்மையிலேயே மக்கர் பண்ணும். சுண்ணாம்பு மிகுதியால் மாங்கனீசும் செம்பும் பயிருக்கு எட்டாது. கடையில் வாங்கிய நவீன பார்லி விதை இங்கே மஞ்சளித்து நின்றுவிடும். எனவே தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே எடுத்து வைத்த விதையைத்தான் விதைக்கிறார்கள்: சிற்றோட்ஸ் என்னும் மெல்லிய ரகம், ரை, பேர் என்னும் பழைய பார்லி, மூன்றும் கலந்து. நம் ஊரில் மானாவாரிக் காட்டில் கம்போடு தட்டையும் துவரையும் கலந்து விதைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்கும்.

உரம் கடலிலிருந்து வருகிறது. குளிர்காலப் புயல்கள் கரையில் குவிக்கும் பெருங்கடற்பாசியை டிராக்டரில் அள்ளி வந்து வயலில் பரப்புகிறார்கள். அது மண்ணுக்குச் சத்து, மணலுக்குப் பிடிமானம். இதே பாசியை எரித்துச் சாம்பலாக்கி விற்ற காலமும் உண்டு. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு அந்த வியாபாரம் படுத்தது, நிலவுடைமையாளர்கள் குடியானவர்களைக் கப்பலேற்றினார்கள். எஞ்சியவர்களுக்கு 1886-ஆம் ஆண்டின் கிராஃப்டர் சட்டம்தான் நிலத்தில் நிலையான உரிமை கொடுத்தது. இன்றும் கிராஃப்ட் என்ற சிறு பங்கு நிலமும் ஊர்ப் பொதுவான மாக்கரில் ஒரு பாத்தியதையும் சேர்ந்ததே ஒரு குடும்பத்தின் சொத்து. ஒரு துண்டை இரண்டு வருடம் பயிரிட்டு, இரண்டு மூன்று வருடம் தரிசு விடுகிறார்கள். விதைப்பு வசந்தத்தில். அறுவடை செப்டம்பரில்.

அறுவடை பிந்துவதில்தான் குருவியின் பிழைப்பு இருக்கிறது. பிரிட்டனின் பாட்டுப் பறவைகளில் இவ்வளவு தாமதமாகக் கூடு வைப்பவை குறைவு. மற்றவை முதல் ஈட்டை முடித்துக் குஞ்சுகளைப் பறக்கவிட்ட பிறகு, மே கடைசியிலும் ஜூனிலும்தான் இது தொடங்கும். ஆகஸ்ட் வரையில்கூட நீளும். கூடு தரையில், பயிரின் அடியில். புல்லை வளைத்துக் கிண்ணம் கட்டுவது பெண், மூன்று முதல் ஐந்து முட்டை வரை இட்டு அடைகாப்பது பெண், குஞ்சுக்கு இரை தேடுவதிலும் பெரும்பங்கு பெண்ணுக்கே. ஆண் கம்பத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு ஒரே ஆணின் எல்லைக்குள் இரண்டு மூன்று பெண்கள் கூடு வைப்பதும் உண்டு. எல்லா ஆண்களுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. பக்கத்துக் கம்பத்தில் நாள் முழுவதும் பாடியும் ஒரு துணைகூடக் கிடைக்காத ஆணும் இருக்கும். இரண்டின் பாட்டுக்கும் நம் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

குஞ்சுகள் பன்னிரண்டு நாள் போல அடைகாப்பில் பொரித்து, இன்னும் பறக்கத் தெரியாத நிலையிலேயே கூட்டைவிட்டு இறங்கிப் பயிருக்குள் பதுங்கும். அவற்றுக்குப் பூச்சி வேண்டும்: கம்பளிப்புழு, வெட்டுக்கிளி, வண்டு. கூடவே பால் பிடித்த கதிர். இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் 1990-களில் செய்த ஆய்வு ஒன்று, பூச்சிமருந்து அடித்த வயல்களைச் சுற்றித் தாய்ப்பறவை எவ்வளவு அலைகிறது என்று பார்த்தது. பூச்சி குறைந்த இடத்தில் தாய் அதிக தூரம் போனது, குஞ்சுகளின் எடை குறைந்தது, கூடுகள் எதிரிகளிடம் சிக்குவதும் கூடியது. பசித்த குஞ்சு அதிகமாகக் கத்தும். கத்தினால் நரிக்கும் காக்கைக்கும் விலாசம் தெரிந்துவிடும்.

பால்ரனால்டிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கொட்டகையோரம் பழைய இயந்திரம் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. அகன்ற பலகை விசிறிகள், பல் வைத்த வெட்டுக்கத்தி, கயிற்றுப் பந்துக்கு ஒரு பெட்டி. கதிரை அறுத்துக் கட்டாகக் கட்டிப் போடும் இயந்திரம். இந்தத் தீவுகளில் போன தலைமுறை வரையில் முழு அறுவடையும் இதில்தான் நடந்தது. கட்டுகளை நாலைந்தாகச் சேர்த்து முட்டுக்கொடுத்து வயலிலேயே காய வைப்பார்கள். காய்ந்ததும் வீட்டுப் பக்கத்தில் போர் போடுவார்கள். குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு அந்தப் போரிலிருந்து உருவிப் போடுவார்கள். போரின் பக்கவாட்டில் தொங்கும் கதிர்களில் குருவிகள் வந்து தொங்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஈரமும் காற்றுமாக, பகல் சுருங்கிக் கிடக்கும் தீவில், அந்தப் போர்தான் அவற்றுக்குக் களஞ்சியம்.

பிறகு ஊறுகாய்ப் புல் வந்தது. பயிரைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, உருளையாகச் சுருட்டி, கறுப்பு பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் மாட்டுக்குக் குளிர்காலம் முழுக்கத் தீவனம். வேலை மிச்சம், மழை பயம் இல்லை. இருக்கிற ஓரிரு முதியவர்களை வைத்துக்கொண்டு விவசாயம் பார்க்கிற வீட்டுக்கு இது பெரிய வரம். அதைப் பறவைக்காக விட்டுவிடுங்கள் என்று வெளியூர்க்காரர் சொல்வது அநியாயம். ஆனால் பச்சையில் அறுத்த பயிரில் முற்றிய மணி கிடையாது, போர் கிடையாது, சிந்தின தவசம் கிடையாது. வெளி ஹெப்ரிடீஸில் கார்ன் பன்டிங் எண்ணிக்கை 1995-க்கும் 2005-க்கும் இடையில் பாதிக்கு மேல் விழுந்தது. நேரம் ஒத்துப்போகிறது.

அறுவடையை முந்தவைத்ததில் வாத்துக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் காட்டு கிரேலாக் வாத்துகள் வேட்டையால் அருகிப்போய், இந்த வடமேற்குத் தீவுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. தென் யூயிஸ்டில் உள்ள ட்ரூடிபெக் ஏரியை அவற்றுக்காகவே காப்பிடமாக்கினார்கள். வாத்து பிழைத்தது. பிழைத்துப் பெருகி இன்று ஆயிரக்கணக்கில் வந்து முற்றும் கதிரில் இறங்குகிறது. நட்டுவைத்த பயிரைத் தின்னக் கொடுப்பதைவிடப் பச்சையாக அறுத்துவிடலாம் என்று விவசாயி நினைப்பதில் என்ன தப்பு? ஒரு பறவைக்காகச் செய்த நன்மை இன்னொரு பறவையின் தட்டைப் பறித்த கதை இது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.

எல்லாவற்றையும் பச்சையில் அறுத்துவிட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பயணிக்குத் தீவில் கிடைத்த தகவல்களில் மிக முக்கியமானது இதுதான். விதை. கடை விதை இந்த மண்ணில் வராது என்பதால், அடுத்த ஆண்டு விதைக்க வேண்டுமானால் இந்த ஆண்டு ஒரு பகுதியை முற்றவிட்டாக வேண்டும். அந்த முற்றிய பகுதியை அறுத்துக் கட்டிப் போர் போட்டால் வீட்டுக்கு விதையும் குருவிக்குக் கூலியும் சேர்ந்து வந்துவிடுகிறது. 2010 முதல் 2014 வரை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த மாக்கர் திட்டம் இதைத்தான் கையில் எடுத்தது: கடற்பாசி உரம், தாமத அறுவடை, வாத்து விரட்டல், கதிர்க்கட்டு அறுவடைக்கு உதவி. காப்பிடத்துக்கு வேலி போட்டு இந்தக் குருவியைக் காப்பாற்ற முடியாது. உழுகிறவர் தொடர்ந்து உழ வேண்டும். உழாமல் விட்ட நிலத்தில் இதற்கு வேலை இல்லை.

தெற்கே போகும் சாலை ஒரு வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் விட்டு விட்டு அமைத்திருக்கிறார்கள். ஒதுங்கி வழிவிட்டால் எதிரே வருபவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறார். இரண்டு நாளில் பயணியின் விரலும் தானாகத் தூக்கப் பழகிவிட்டது. வட யூயிஸ்டையும் பென்பெக்யூலா தீவையும் இணைக்கும் கடல்மேட்டுச் சாலை 1960-இல் திறந்தது. அதற்கு முன் கடல் வற்றும் நேரம் பார்த்து மணலில் நடந்து கடந்தார்கள். சாலையோரம் நீர்நாய் குறுக்கிடும் என்ற எச்சரிக்கைப் பலகை. நீர்நாய் வரவில்லை. முள்ளெலியும் வரவில்லை, அது வராமலிருப்பதே நல்லது. தென் யூயிஸ்டில் 1974-இல் யாரோ தோட்டத்து நத்தைகளைத் தின்னட்டும் என்று நாலைந்து முள்ளெலிகளைக் கொண்டுவந்து விட, அவை நத்தையைவிட ஆள்காட்டி, உள்ளான் முட்டைகளை ருசி கண்டுகொண்டன. தரையில் கூடு வைக்கும் பறவைகளுக்கு முன்பின் அறியாத திருடன். இன்றுவரை அவற்றைப் பிடித்து வெளியேற்றும் வேலை ஓயவில்லை.

தென் யூயிஸ்டில் ஒரு முழு மாலைப் பொழுது பயணி காத்திருந்தார். ஜூன் கடைசி, இரவு பத்து மணிக்கும் செய்தித்தாள் படிக்கலாம். பல வயல்களில் வானம்பாடி உண்டு, கார்ன்கிரேக் என்னும் பறவை புல்லுக்குள்ளிருந்து சீப்பை நகத்தால் கீறுவது போல உரசிக்கொண்டே இருக்கிறது, சாவிக்கொத்து மட்டும் இல்லை. ஒன்பதரை மணிக்கு மின்கம்பியில் ஒன்று வந்து உட்கார்ந்து நாலு தடவை பாடிவிட்டுப் போனது. அன்றைக்கு அவ்வளவுதான்.

தென் யூயிஸ்டின் லாக்பாய்ஸ்டேலிலிருந்து மல்லேக் துறைக்குக் கப்பல் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து கிளாஸ்கோவுக்கு ரயில். கிளென்ஃபின்னன் வளைவுப் பாலம் நெருங்கியதும் பெட்டி முழுவதும் செல்போனோடு ஒரு பக்கம் சாய்ந்தது, எல்லாம் ஹாரி பாட்டர் பட உபயம். பயணியும் எட்டிப் பார்த்தார், பொய் சொல்வானேன். இருபத்தொரு வளைவுகள், 1901-இல் ரயில் ஓடத் தொடங்கியது.

பயணி அடுத்துப் போன, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஃபைஃப் வட்டாரம் வேறு உலகம். கரிச்சேறு இல்லை, கடற்பாசி உரம் இல்லை. கோல்ஃப் மைதானங்களுக்கும் மீன்பிடி ஊர்களுக்கும் நடுவே பெரிய பெரிய வயல்கள்: விஸ்கிக்குப் போகும் பார்லி, உருளைக்கிழங்கு, கோதுமை. ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் கார்ன் பன்டிங் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று. வடக்கே ஆங்கஸ், அபெர்டீன்ஷர் கரைகளிலும் சில கூட்டங்கள் உண்டு. ஒரு காலத்தில் வடகோடி ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகள் முதல் கார்ன்வால் முனை வரை எங்கும் இருந்த பறவை. அயர்லாந்தில் 1990-களில் முற்றிலும் அற்றுப்போனது. வேல்ஸிலும் இனப்பெருக்கம் நின்றுபோனது. பிரிட்டன் முழுவதற்கும் 1970-லிருந்து எண்பது சதவீதத்துக்கு மேல் இழப்பு. இன்று பாடும் எல்லைகள் சுமார் 11,000. சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. உலகக் கணக்கில் மட்டும் கவலை இல்லை: ஸ்பெயினிலும் துருக்கியிலும் இன்னும் லட்சக்கணக்கில் இருக்கிறது. ஸ்பெயின் விவசாயிக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்.

காரணம் ஒன்றல்ல. முன்பு பிரிட்டனில் வசந்தத்தில் விதைப்பார்கள். அதனால் குளிர்காலம் முழுவதும் அரிதாள் நிலமாகக் கிடக்கும், சிந்திய மணியும் களைவிதையும் பொறுக்கலாம். கோதுமையை இலையுதிர் காலத்திலேயே விதைக்கத் தொடங்கியதும் அரிதாள் போயிற்று. களைக்கொல்லியால் களைவிதை போயிற்று, பூச்சிமருந்தால் குஞ்சுத் தீவனம் போயிற்று. ஃபைஃபிலும் அபெர்டீன்ஷரிலும் இன்னொன்று சேர்ந்துகொண்டது. இங்கே பல பெண்கள் பயிரைவிட அடர்ந்த புல் வயலையே கூட்டுக்குத் தேர்ந்தெடுக்கின்றன. மே கடைசியில், ஜூனில், புல் நன்றாக மண்டி நிற்கும். கூட்டுக்கு அருமையான மறைவு. அதே வாரங்களில்தான் ஊறுகாய்ப் புல்லுக்கு முதல் அறுப்பு. அறுப்பு இயந்திரத்துக்கு முட்டை தெரியாது.

இதற்கு மருந்தும் அறுப்பில்தான் இருந்தது. புல் அறுப்பை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடும் விவசாயிக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள்; வயலோரத்தில் அறுக்காத தானியத் துண்டுகளைக் குளிர்காலத்துக்கு விட்டுவைக்கவும் பணம் கொடுத்தார்கள். பறவைச் சங்கத்தின் ஆட்கள் வருடா வருடம் பாடும் ஆண்களை எண்ணினார்கள். சேர்ந்த பண்ணைகளில் எண்ணிக்கை ஏறியது, சேராத பண்ணைகளில் இறங்கிக்கொண்டே போனது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: திட்டத்தை ஊர் முழுவதும் தெளித்துவிடாமல், எந்த வயலில் குருவி இருக்கிறதோ அந்த வயலுக்குப் பக்கத்தில் செய்தார்கள். சொந்த ஊரைவிட்டு அதிகம் நகராத பறவைக்கு, பத்து மைல் தள்ளி வைத்த விருந்தால் பயன் இல்லை.

நகராத பறவை என்பதற்கு இன்னொரு சாட்சி அதன் பாட்டு. பக்கத்துப் பக்கத்து ஆண்கள் ஒரே மாதிரி பாடும். சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த வட்டாரத்துக்கென்று வேறு அமைப்பு. வட்டார வழக்கு என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒலியைப் படமாக வரைந்து பார்த்தால் எல்லைக்கோடு போல அது தெரியும். இளம் ஆண்கள் கூட இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகுகின்றன. எண்ணிக்கை சரிந்த இடங்களில் வழக்குகளும் கலைந்துபோனதைக் கண்டிருக்கிறார்கள். நெல்லை வழக்கு, கோவை வழக்கு என்று பிரித்துச் சொல்லப் பழகிய காதோடு பயணி ஃபைஃப் வேலிக்கம்பத்தின் கீழே அரைமணி நேரம் நின்று பார்த்தார். யூயிஸ்டில் கேட்டதற்கும் இதற்கும் முடிப்பில் ஏதோ சிறு வேறுபாடு இருப்பது போல முதலில் தோன்றியது. பத்தாவது தடவை கேட்டபோது அந்தச் சந்தேகமும் போய்விட்டது. சாவிக்கொத்து, அவ்வளவுதான்.

அந்தக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் புல் வயல், அறுக்காமல் முழங்காலுக்கு மேல் நின்றது. அந்தப் பக்கம் அறுத்து உருட்டிய வயல், கறுப்புப் பிளாஸ்டிக் உருளைகள் வரிசையாக. ஆண் கம்பத்தில் பாடிக்கொண்டிருக்க, புல்லிலிருந்து பெண் ஒன்று எழுந்து, பயணியைப் பார்த்ததும் மீண்டும் உள்ளே அமர்ந்தது. சில நிமிடம் கழித்து அலகில் பச்சைப் புழுவோடு திரும்பி வந்து, நேராக இறங்காமல் வேலிக் கம்பியில் உட்கார்ந்து டிப், டிப் என்று எச்சரித்தது. ஆள் நிற்கும்வரை கூட்டுக்குப் போகாது. பயணி சாலைக்குத் திரும்பி நடந்தார். திரும்பிப் பார்த்தபோது கம்பி காலியாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை பாட்டு நிச்சயம். யூயிஸ்ட் கப்பலுக்கு முன்பதிவு அவசியம். காற்று பலமானால் கப்பல் ஓடாது, ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வட யூயிஸ்டில் பல கடைகள் ஞாயிறு திறக்காது, சனிக்கிழமையே ரொட்டி வாங்கிவிடுங்கள். பாதையைவிட்டு இறங்காமல் வேலிக்கம்பங்களையும் மின்கம்பிகளையும் மட்டும் பார்த்துக்கொண்டே போனால் போதும், பறவை அங்கேதான் இருக்கும். படம் சரியாக விழவில்லை என்பதற்காகப் பயிருக்குள் கால் வைக்காதீர்கள். கூடு தரையில் இருக்கிறது.